விந்தணுக்கொல்லி மாத்திரையை மட்டும் நம்பி இருக்கலாமா?

கேள்வி

குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது, இன்னும் தாய்ப்பால் கொடுத்துவருகிறேன். ஹார்மோன் மாத்திரைகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. காப்பர்-டி பொருத்திக்கொள்ளவும் இப்போதைக்கு மனம் வரவில்லை. உறவுக்கு முன் பிறப்புறுப்பினுள் வைக்கும் விந்தணுக்கொல்லி மாத்திரை மட்டும் போதுமா? அதனால் குழந்தைக்குக் கெடுதல் உண்டா?

மறுமொழி 1

தாய்ப்பாலைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். பாலூட்டும் பெண்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இதை மட்டும் நம்புவது சரியல்ல என்பதே என் கருத்து. வழக்கமான பயன்பாட்டில், ஓராண்டில் நூறு பெண்களில் ஏறத்தாழ 21 பேர் கருத்தரித்துவிடுகிறார்கள். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் அது 85 என்பதால் இதைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் காப்பர்-டியில் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவு.

மறுமொழி 2

பெரும்பாலும் பிசகுவது நேரத்தில்தான். மாத்திரையைக் கருப்பை வாயை ஒட்டி ஆழமாக வைத்து, அது கரைந்து பரவுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பலன் ஒரு மணி நேரம் அளவுக்கே நீடிக்கும் என்பதால், ஒவ்வொரு முறை உறவுக்கும் புதிதாக ஒன்று வைப்பது அவசியம். மெல்லிய படலமாகக் கிடைக்கும் வகையை ஈர விரலால் தொட்டால் அது விரலிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். விரலை நன்கு துடைத்துவிட்டு வைக்கவும். முடிந்தபின் ஆறு மணி நேரத்துக்கு உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவக் கூடாது.

மறுமொழி 3

இதில் உள்ள நானாக்சினால்-9, விந்தணுவின் மேலுறையைச் சிதைத்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. அதே தன்மையால் பெண்ணின் உட்புறச் சவ்வையும் உறுத்தக்கூடும். ஒரே நாளில் பலமுறை பயன்படுத்தும்போது நுண்ணிய புண்கள் ஏற்பட்டு, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், அந்த அபாயம் உள்ளவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். பால்வினை நோய் எதையும் இது தடுப்பதில்லை. அந்த எச்சரிக்கையைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007-இல் ஆணையிட்டது. எரிச்சல், அரிப்பு, சிறுநீர்க் கடுப்பு தோன்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் விந்தணுக்கொல்லி பூசிய ஆணுறையை வாங்கினால் இரண்டும் ஒன்றாகக் கிடைத்துவிடாதா?

மறுமொழி 1

கிடைக்காது. பூசியிருக்கும் அளவு மிகக் குறைவு. சாதாரண ஆணுறையைவிட அது கருத்தரிப்பைக் கூடுதலாகத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. சாதாரண ஆணுறையோடு மாத்திரையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது இரண்டும் தவறினால், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்ளலாம். ஹார்மோன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருப்பதால், இதைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.