பிரதேச செயலகப் பிரிவொன்றின் குடும்ப வருமான இடையத்தைக் காலவரிசையாக மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: ஆய்வு மாணவர், பருத்தித்துறை

வணக்கம். பருத்தித்துறைப் பிரதேச செயலகப் பிரிவில் குடும்ப வருமானத்தின் இடையம் (குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதன் வருமானம்) 2009 முதல் 2019 வரை எவ்வாறு மாறியது என்பதை இளமாணிப் பட்ட ஆய்வொன்றுக்காக மதிப்பிட முயல்கிறேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமான செலவின அளவீடு 2009/10, 2012/13, 2016, 2019 ஆகிய சுற்றுகளில் நடந்துள்ளது. ஆனால் அதன் அறிக்கைகள் மாவட்டத்தோடு நின்றுவிடுகின்றன. நுண்தரவை (வீடு வாரியான மூலப் பதிவுகளை) பெற்று என் பிரிவின் வீடுகளை மட்டும் பிரித்தெடுத்து இடையத்தைக் கணிக்கலாமா? அல்லது யாழ்ப்பாண மாவட்ட இடையத்தை ஏதேனும் ஒரு விகிதத்தால் பெருக்கி, இடைப்பட்ட ஆண்டுகளை நேர்கோட்டால் நிரப்பினால் போதுமா?

பதில் 1: புள்ளிவிபர விரிவுரையாளர்

பிரித்தெடுக்கலாம், ஆனால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. 2016ஆம் ஆண்டு அளவீட்டின் மாதிரி நாடு முழுவதற்கும் 25,000 வீட்டலகுகள். அவை 2,500 கொத்துகளிலிருந்து (அருகருகான வீடுகளைக் கொண்ட சிறு பகுதிகளிலிருந்து) கொத்துக்குப் பத்தாகத் தெரிவுசெய்யப்பட்டன. 25 மாவட்டங்களுக்குச் சராசரியாகப் பங்கிட்டால் மாவட்டத்துக்கு ஆயிரம், யாழ்ப்பாணத்தின் 15 பிரிவுகளுக்குப் பிரிவொன்றுக்கு அறுபத்தைந்து வரையில் வரும் (உண்மையான ஒதுக்கீடு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும்). 65 வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் இடையம் 33ஆவது வீடு. எளிய எழுமாற்று மாதிரி என்று கொண்டாலும் அதன் 95% நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மையான இடையம் அமையக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 25ஆவது வீட்டிலிருந்து 41ஆவது வீடு வரை நீளும். போதாக்குறைக்கு, அந்த 65 வீடுகளும் ஆறேழு கொத்துகளில் அடங்கியவை. ஒரு கொத்து முழுவதும் மீன்பிடிக் கரையோரத்தில் அமைந்து, அவ்வீடுகளுக்குக் கடல் கொந்தளிக்கும் மாதத்தில் கணக்கெடுப்பாளர் போயிருந்தால் முடிவு எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். அளவீடு பன்னிரண்டு மாதங்களுக்குப் பரவி நடப்பதால் மாவட்டத்துக்குப் பருவ வேறுபாடு சமப்படும். தனியொரு பிரிவுக்கு அப்படிச் சமப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நேர்கோட்டால் நிரப்புவதை விட்டுவிடுங்கள். நான்கு அவதானங்கள் இருக்கின்றன. வரைபடத்திலும் நான்கு புள்ளிகளே இருக்கட்டும்.

பதில் 2: வறுமை அளவீட்டுத் துறையில் பணிபுரிபவர்

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். எனினும் வழியே இல்லை என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. சிறு பரப்பு மதிப்பீடு என்ற முறை இத்தகைய நிலைக்காகவே உருவானது. வருமானத்தைக் கல்வி, தொழில், குடும்ப அளவு, கூரை, சமையல் எரிபொருள் போன்றவற்றோடு தொடர்புபடுத்தும் மாதிரியுருவை அளவீட்டுத் தரவிலிருந்து அமைத்து, அதே மாறிகள் பதிவாகியுள்ள குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதைப் பிரயோகித்து, பலமுறை உருவகித்த வருமானங்களிலிருந்து பிரிவின் இடையத்தையும் அதன் வழுவையும் பெறுவதே அதன் சாரம். 2012 தொகைமதிப்பையும் 2012/13 அளவீட்டையும் இணைத்துத் திணைக்களமும் உலக வங்கியும் பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் வறுமை வரைபடம் தயாரித்தது இவ்வழியில்தான். அங்கு மதிப்பிடப்பட்டது செலவினம் என்பதை மறக்க வேண்டாம். வடக்கில் வெளிநாட்டுப் பணம் ஒழுங்கற்று வந்து சேரும் குடும்பங்கள் பல. அங்கே வருமானத்தைவிடச் செலவினம் நம்பகமானது என்பது என் கருத்து.

இம்முறையின் வலு தொகைமதிப்பு ஆண்டோடு கட்டுண்டது. 2016க்கும் 2019க்கும் 2012இன் வீட்டு விபரங்களைப் பயன்படுத்தினால், போருக்குப் பின் மீளக்குடியேறி வீடு கட்டி முடித்த குடும்பங்களை நீங்கள் இன்னும் தற்காலிகக் கொட்டிலிலேயே வைத்திருப்பீர்கள். ஆகவே 2012/13க்கு மட்டும் பிரிவு மதிப்பீடு தந்து, ஏனைய சுற்றுகளுக்கு மாவட்ட இடையத்தோடு நிறுத்துவது நல்லது. விகிதத்தால் பெருக்குவதாயின், பிரிவும் மாவட்டமும் ஒரே வேகத்தில் நகர்ந்தன என்ற எடுகோளை நீங்கள் வெளிப்படையாக எழுத வேண்டும். ஆனால் உங்கள் ஆய்வின் கேள்வியே அதுதானே.

பதில் 3: பொருளியல் பட்டதாரி

விலையைப் பற்றி ஒருவரும் குறிப்பிடவில்லை. நாட்டின் மாதாந்தக் குடும்ப வருமான இடையம் 2012/13இல் 30,814 ரூபாய், 2019இல் 53,333 ரூபாய். பெயரளவில் 73% உயர்வு. உத்தியோகபூர்வ வறுமைக் கோடு (அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு மாதமொன்றுக்கு வேண்டிய குறைந்தபட்சச் செலவு) அதே காலத்தில் 5,223 ரூபாயிலிருந்து 6,966 ரூபாயாக உயர்ந்ததை விலைச் சுட்டியாகக் கொண்டால், முந்தைய இடையம் 2019 விலையில் ஏறத்தாழ 41,100 ரூபாய் ஆகிறது. உண்மை உயர்வு 30% அளவே. மாவட்டங்களுக்கும் வறுமைக் கோடு தனித்தனியே வெளியாவதால், கொழும்பு விலைச் சுட்டெண்ணைக் கொண்டு யாழ்ப்பாணத்தை அளக்க வேண்டிய தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பிரதேச செயலகத்திலிருந்து கிராம அலுவலர் பிரிவு வாரியாக, வருமான வகுப்புகளாகத் தொகுத்த பட்டியல் ஒன்று கிடைக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் இடையம் கண்டு, அவற்றின் சராசரியை எடுக்கலாமா?

பதில் 1: புள்ளிவிபர விரிவுரையாளர்

இடையங்களைச் சராசரியாக்கக் கூடாது. முதலில் எல்லாப் பிரிவுகளின் குடும்ப எண்ணிக்கைகளையும் வகுப்பு வாரியாகக் கூட்டுங்கள். உதாரணமாக, மொத்தம் 200 குடும்பங்களில் 80 குடும்பங்கள் 30,000 ரூபாய்க்குக் கீழும், 50 குடும்பங்கள் 30,000 முதல் 40,000 வரையான வகுப்பிலும் இருந்தால், நூறாவது குடும்பம் அவ்வகுப்பினுள் இருபதாவதாக வருகிறது, இடையம் 34,000. அந்தப் பட்டியலில் வருமானம் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதை மட்டும் விசாரியுங்கள்: நிவாரணத் தகுதிக்காக எழுதிக்கொடுத்த தொகையாயின், அது பெரும்பாலும் எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் குவிந்திருக்கும்.