மறு: 'வெள்ளமேறிய எஞ்சின்' சரியான சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். பெட்ரோல் அதிகமாகிக் கிளம்பாமல் நிற்கும் பைக் எஞ்சினை ஆங்கிலத்தில் 'ஃப்ளட்டட் எஞ்சின்' என்கிறார்கள். நம் பைக் கையேட்டுக்கான சொல்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது இது:

> ஃப்ளட் என்றால் வெள்ளம்தானே. 'வெள்ளமேறிய எஞ்சின்' என்றே வைத்துவிடலாம், கேட்டவுடன் புரியும்.

ஐயா, கேட்டவுடன் புரியும். ஆனால் தப்பாகப் புரியும். எங்கள் வியாசர்பாடியில் இதைச் சொன்னால், கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கிவிட்டான் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். 2015 டிசம்பர் மழையையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வடசென்னைக்காரருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர்தான்.

வெறும் குழப்பத்தோடு போனால் பரவாயில்லை. பெட்ரோல் அதிகமாகி அடம்பிடிக்கும் எஞ்சினுக்கு வைத்தியம், சோக்கை (காற்றைக் குறைக்கும் லிவரை) எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதைப்பது. காற்று நிறைய உள்ளே போய் மிச்சப் பெட்ரோலை வெளியே தள்ளும். தண்ணீர் புகுந்த எஞ்சினில் அதையே செய்தால்? தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, அதோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடே வளைந்துபோகலாம். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு விஷம். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கையேட்டில் அச்சடிக்கக் கூடாது.

மெக்கானிக்குகள் என்ன சொல்கிறார்கள்? 'ஓவர்ஃப்ளோ' என்பார்கள். இல்லையென்றால், "இன்னாபா, சோக்கு போட்டே உதைச்சினு இருந்தியா? பிளக்கு நனைஞ்சிருக்கும், கயட்டு." 1950களிலேயே புல்லட் தயாரிக்கத் தொடங்கிய திருவொற்றியூர் பக்கத்தில்தானே இருக்கிறது, இந்தப் பேச்சை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. காரணமே அந்தப் பேச்சில் இருக்கிறது: பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் முனை பெட்ரோலில் நனைந்து தீப்பொறி வரவில்லை. ஆகவே என் பரிந்துரை 'எரிபொருள் நனைவு'. தண்ணீருக்கு 'நீர் புகுந்த எஞ்சின்' போதும்.

'மிகையெரிபொருள் நிலை' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது வேறு கோளாறு. கலவையில் பெட்ரோல் கூடினால் வண்டி கறும்புகை விட்டுக்கொண்டு ஓடும், பிளக்கில் கரி படியும். நனைவில் வண்டி கிளம்பவே கிளம்பாது.

பிளக்குக்குச் சொன்ன 'பொறிச்செருகி' எனக்கு ஒட்டவில்லை. எஞ்சினை 'உள்ளெரி பொறி' என்று எழுதுபவர்கள் நாம்தான். பிறகு 'பொறியிலிருந்து பொறிச்செருகியைக் கழற்றிப் பொறி வருகிறதா பார்' என்று எழுத வேண்டிவரும். தலைப்பில் ஒருமுறை 'தீப்பொறிச் செருகி', உள்ளே எல்லாம் 'பிளக்' என்று விடலாம்.

சொல் நிற்கிறதா என்று பார்க்க, கையேட்டுப் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"எரிபொருள் நனைவு என்று தோன்றினால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் குழாயை மூடி, எஞ்சின் ஆறும்வரை பொறுக்கவும். ஒயரை இழுக்காமல், பிளக்கின் மேலுள்ள மூடியைப் பிடித்துக் கழற்றவும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடவும், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் விழும். பிளக் ஸ்பேனரால் கழற்றி, ஈரமும் பெட்ரோல் வாடையும் இருந்தால் துடைத்து உலர்த்தவும். முனை இடைவெளி பெரும்பாலான பைக்குகளுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ.; வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவே இறுதி. மாட்டும்போது முதலில் கையாலேயே திருகவும். ஸ்பேனரை உடனே போட்டால் பிளக் மாட்டும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரை போய்விடும். வாஷரோடு வரும் புது பிளக் என்றால் கைக்கு இறுகிய பின் சுமார் அரைச் சுற்று போதும்."

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் வாங்கிய பைக்குகளில் பெரும்பாலும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கிடையாது, சோக்கும் கிடையாது. அவற்றுக்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

சோக் என்றதும் ஞாபகம் வருகிறது. பட்டியலில் அதற்கு 'மூச்சடைப்பான்' என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள், படிப்பவர் டாக்டரைத் தேடிப் போவார். அது அடைப்பது காற்றை. 'காற்றுத் தடுப்பு' சரிப்படுமா?