புதுப்பிப்பு: மச்சான் குடியும் தங்கச்சி பையனும்

போன மாசம் கேட்டிருந்தேன்: கடலூர் முதுநகரில் தங்கச்சி வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார், பையன் விஷயம் குழந்தைகள் நலக் குழு வரை போயிடுச்சு, அவரைக் குடி சோதிக்கிற கருவியில் ஊதச் சொன்னா போதாதா என்று.

போதாது. ஊதினால் கடைசிச் சில மணி நேரக் கதைதான் தெரியும். விசாரணை நாளில் மச்சான் விபூதி பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரி வந்து நின்றார்!

வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் குடிப்பழக்கம் எவ்வளவு மோசம் என்று பார்க்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்விகள் பத்தையும் கேட்டார். மொத்த மதிப்பெண் 40; அதில் 8 வந்தாலே கவனிக்கணும். மச்சான் சொன்ன கணக்கில் 6. தங்கச்சி சொன்ன கணக்கில் 20ஐத் தாண்டும். அதனாலோ என்னவோ, அந்தப் பணியாளர் அம்மா எண்ணைப் பிடித்துத் தொங்கவில்லை. பையனிடம் கேட்டார்: ராத்திரி சோறு போடுறது யாரு, பள்ளிக்கூடம் எத்தனை நாள் போகல, அப்பா குடிச்சிட்டு வந்தா நீ எங்க போவ...

"எதிர் வீட்டு மொட்டை மாடி" என்றான் பையன். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்கு இது தெரியாது.

இப்படி வீட்டு நிலைமையை விசாரிக்கிற சமூக விசாரணைக்குச் சட்டத்தில் 15 நாள்தான். குழுவுக்கு அறிக்கை போயாச்சு. பையன் இப்போ எங்க வீட்டில். மச்சானைக் குடிநோய் சிகிச்சைக்குச் சனிக்கிழமை நான்தான் கூட்டிப் போகணும். வண்டியில் ஏறுவாரான்னு பார்ப்போம்.