கரஸ்பாண்டிங் ஆதர்: தமிழில் ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பொதுச் சுகாதார இதழ்களுக்கு முதன்முறையாக ஆய்வுக்கட்டுரை அனுப்புகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் செவிலியர், களப்பணியாளர், முதுநிலை மாணவர். ஆய்வுச் சுருக்கம், ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம், அறநெறிக் குழு ஒப்புதல் போன்றவற்றில் தடங்கல் ஒன்றுமில்லை. வகுப்பறையில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள்தாம். மாட்டிக்கொண்டது ஓரிடத்தில்.

ஒரு கட்டுரையை ஆறு பேர் எழுதியிருந்தாலும் இதழோடு பேசுகிறவர் ஒருவர்தான். பதிவேற்றுவது, மதிப்பாய்வாளர் கேட்டதற்குப் பதில் அனுப்புவது, மெய்ப்புப் பார்த்துத் தருவது, வெளியான பிறகு யாராவது தரவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில். அவரைத்தான் கரஸ்பாண்டிங் ஆதர் என்கிறோம். 'தொடர்பு ஆசிரியர்' என்று போட்டுப் பார்த்தேன். வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது:

"தொடர்பு ஆசிரியர் மற்ற ஆசிரியர்களின் ஒப்புதலைப் பெற்று ஆசிரியருக்கு முகப்புக் கடிதம் எழுத வேண்டும். ஆசிரியர் அதைத் துணையாசிரியரிடம் ஒப்படைப்பார்."

இதைப் படித்துப் பார்த்த செவிலியர் ஒருவர், 'கல்லூரி ஆசிரியர் கையெழுத்து வேண்டுமா?' என்று கேட்டார். உதவுங்கள்.

தமிழாசிரியர் (பணி ஓய்வு):

தம்பி, 'ஆசிரியர்' என்ற ஒரு சொல்லை மூன்று வேலைக்கு அமர்த்தியதன் வினை இது. நன்னூலில் ஆசிரியன் என்றால் பாடம் சொல்பவன். நூல் செய்தவன் ஆக்கியோன். 'ஆக்கியோன் பெயரே வழியே எல்லை' என்னும் நூற்பா எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். ஆகவே கட்டுரை எழுதியவர்களை 'ஆக்கியோர்' என்றே எழுதுங்கள்.

ஆசு என்றால் குற்றம். இரிதல் விலகி ஓடுதல். ஆசு இரியச் செய்பவர் ஆசிரியர். அப்படிப் பார்த்தால் குற்றம் கண்டு களையச் சொல்கிற மதிப்பாய்வாளருக்கே அப்பெயர் உரியது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தில் பனம்பாரனார் 'அதங்கோட்டாசாற்கு அரில்தபத் தெரிந்து' (குற்றம் அற எடுத்துரைத்து) என்று பாடியதை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் குற்றம் தேடிக் கேட்டார், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார் என்பது உரைமரபு. இன்று இதழ்கள் நடத்துவதும் அதே வழக்கம்தான்.

கேட்ட சொல்லுக்கு என் பரிந்துரை 'ஓலைநாயகர்'. சோழர் கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை' என்பவர் அரசனின் வாய்மொழி ஆணையை எழுதுபவர். அதைப் பார்த்து ஒப்பமிடுபவர் 'திருமந்திர ஓலைநாயகம்'. எழுதுவோர் பலர், ஒப்பமிட்டு அனுப்புபவர் ஒருவர் என்ற அமைப்பு அப்படியே பொருந்துகிறது.

மெய்ப்புத் திருத்துநர்:

ஐயா, உங்கள் மேல் எனக்குள்ள மதிப்பு உங்களுக்குத் தெரியும். ஆனால் இணையதளத்தில் பதிவேற்றும் படிவத்தில் 'ஓலைநாயகரின் மின்னஞ்சல்' என்று அச்சடித்தால், படிக்கிற பெண் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள். கல்வெட்டு அறிந்தவருக்கு மட்டும் விளங்கும் சொல், கையேட்டில் சுமையாகிவிடும். 'ஆசு இரியர்' என்ற பிரிப்பையும் நான் ஏற்கவில்லை. அது ஆசாரியன் என்ற வடசொல்லோடு உறவுடையது என்று கொள்வோர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

'ஆக்கியோர்' அழகுதான். ஆனால் 'முதல் ஆக்கியோர்' என்றால் ஒருவரா, பலரா? 'கட்டுரையாளர்' என்ற சொல் நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறது. எழுதியவர் கட்டுரையாளர், இதழை நடத்துபவர் இதழாசிரியர், கற்பிப்பவர் ஆசிரியர். மூன்றும் தனித்தனியே நிற்கட்டும். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:

கட்டுரையாளர், இதழாசிரியர் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். நன்றி. வாக்கியம் இப்போது மூச்சு விடுகிறது. மீதி பாதி?

மெய்ப்புத் திருத்துநர்:

'பொறுப்புக் கட்டுரையாளர்'. தொடர்பு என்றால் வெறும் முகவரி. அவருடைய வேலை அதற்கு மேல்.

முதுநிலை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மெய்ப்புத் திருத்தும் அண்ணன் சொல்வதை நான் ஆதரிக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

எங்கள் கட்டுரையில் இந்தப் பொறுப்பு என் பெயரில் இருக்கிறது. மதிப்பாய்வாளர் இருவரும் சேர்ந்து நிறையக் கேள்வி கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே படியெடுத்து, அதன்கீழ் எங்கள் பதில், அதன்கீழ் திருத்தம் எந்தப் பக்கம் எந்த வரி என்று ஓர் ஆவணம் தயாரித்தேன். 'பங்கேற்பாளர்களை எப்படித் தேர்ந்தீர்கள்?' என்பதற்குப் பதில் எழுத, களத்துக்குப் போன அக்காவிடம் கேட்க வேண்டியிருந்தது. 'காணாமற்போன தரவை என்ன செய்தீர்கள்?' என்பதற்குப் புள்ளியியல் பார்த்த ஐயாவிடம் கேட்க வேண்டியிருந்தது. பதிலுக்கு முன் எல்லோருடைய இசைவும் வேண்டும். இது வெறும் அஞ்சல் வேலை அன்று.

இன்னொன்றும் உண்டு. எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவரின் கட்டுரையில் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார்கள். அவர் படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். பிறகு தரவு கேட்டு எழுதிய ஒருவருக்குக் கடிதம் திரும்பிப் போயிருக்கிறது. கையேட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: மாறாத முகவரியைக் கொடுக்க வேண்டும், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண்ணையும் சேர்க்க வேண்டும். அந்த 16 இலக்க எண் வேலை மாறினாலும் நம்மோடு வரும்.

நோய்ப்பரவலியல் ஆய்வாளர்:

மாணவி எழுதியது முழுக்கச் சரி. நானும் 'பொறுப்பு' பக்கமே சாய்ந்திருப்பேன், ஒரு காரணம் தடுக்கிறது.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறது. 1978ல் வான்கூவர் நகரில் சிறு குழுவாகக் கூடியவர்கள். யாரைக் கட்டுரையாளர் என்று அழைக்கலாம் என்பதற்கு அவர்கள் வகுத்த வரையறையைத்தான் பெரும்பாலான பொதுச் சுகாதார இதழ்கள் பின்பற்றுகின்றன. ஆய்வின் கருவிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதியதில் அல்லது அறிவார்ந்து திருத்தியதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். 2013ல் நான்காவது ஒன்றைச் சேர்த்தார்கள்: கட்டுரையின் எந்தப் பகுதியின் நேர்மை பற்றிக் கேள்வி எழுந்தாலும் அதற்குப் பதில் கிடைக்கச் செய்வதற்கு ஒவ்வொருவரும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் பொருந்தினால்தான் பெயர் போடலாம். மற்றவர்களுக்கு நன்றியுரையில் இடம்.

அந்த நான்காவதைச் சேர்த்ததற்குக் காரணம், முறைகேடு வெளிப்படும்போது 'அந்தப் பகுதி எனக்குத் தெரியாது' என்று இணைக் கட்டுரையாளர்கள் கைகழுவியதுதான். இப்போது ஒருவரை மட்டும் 'பொறுப்புக் கட்டுரையாளர்' என்று அழைத்தால் மற்ற ஐவரும் பொறுப்பிலிருந்து விடுபட்டதாகத்தானே தமிழ் வாசகர் நினைப்பார்? கையேட்டின் ஒரு பக்கத்தில் 'எல்லோரும் பொறுப்பு' என்று கற்பித்துவிட்டு, மறுபக்கத்தில் ஒருவருக்கு அந்தப் பட்டத்தைக் கட்டக் கூடாது.

இதழோடு நடக்கும் போக்குவரத்துக்கு முதன்மையாக நிற்பவர் என்பதே அவருடைய இலக்கணம். அறநெறி ஒப்புதல், மருந்தாய்வு என்றால் அதன் பதிவு எண், நலமுரண் அறிவிப்பு (ஆய்வைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயம் உண்டா என்பது) ஆகியவை முறைப்படி சேர்ந்தனவா என்று பார்ப்பதும் அதில் அடங்கும். 'தொடர்பு' குறைவாகச் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'பொறுப்பு' கூடுதலாகச் சொல்லித் தவறான வழி காட்டுகிறது. குறைவாகச் சொல்லும் சொல்லை ஒரு வரி விளக்கத்தால் நிரப்பிவிடலாம்.

தமிழாசிரியர் (பணி ஓய்வு):

அம்மா சொன்ன காரணம் கனமானது. அதை மறுக்க மாட்டேன்.

'தொடர்பு' என்றே முடிவானால், தயவுசெய்து 'தொடர்புக் கட்டுரையாளர்' என்று ஒற்றுப் போடாதீர்கள். தொடர்பு என்பது இடைத்தொடர்க் குற்றியலுகரம்; ஈற்றுக்கு முன் நிற்பது இடையின 'ர்'. நன்னூல்படி அல்வழியில், அதாவது வேற்றுமை உருபின் பொருள் இல்லாத புணர்ச்சியில், வன்தொடர் தவிர மற்றவற்றின் முன் ஒற்று மிகாது. வேற்றுமையிலும் இடைத்தொடர் மிகாது. 'தெள்கு கால்' என்பது எடுத்துக்காட்டு. 'பொறுப்பு' வல்லின 'ப்' நிற்கும் வன்தொடர், ஆகவே அங்கே மிகும். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது.

நன்னூலைத் திறந்ததால் இன்னொன்று. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டையும் நூலின் முகவுரையாகிய பாயிரம் காட்ட வேண்டும். இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்திலும் யார் எழுதியது, தலைப்பு என்ன, எதைப் பற்றியது, யாருக்குப் பயன் என்றுதானே சொல்கிறார்கள்? அடுத்த நூற்பா காலம், களன், காரணம் மூன்றையும் சேர்க்கிறது. முகப்புக் கடிதம் என்று எதற்கு? 'பாயிரம்' என்றே சொல்லலாம். ஆய்வின் குறைகளைச் சொல்லும் பகுதிக்கு, புலவர் அவைமுன் தம்மைத் தாழ்த்திச் சொல்லும் 'அவையடக்கம்' கைவசம் இருக்கிறது.

நோய்ப்பரவலியல் ஆய்வாளர்:

ஐயா, காலம், களன் என்றதும் எனக்கு மகிழ்ச்சி. நோக்கீட்டு ஆய்வுகளுக்கு (சிகிச்சை எதுவும் தராமல் கவனித்துப் பதிவு செய்பவை) 2007ல் வெளியான ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலின் 22 உருப்படிகளில், ஆய்வு நடந்த இடத்தையும் தேதிகளையும் சொல்வது ஒன்று. ஆனால் நூற்பாவின் 'களன்' நூல் அரங்கேறிய அவை அல்லவா? தரவு எடுத்த இடம் அன்று.

அவையடக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மாணவர்கள் ஏற்கெனவே அந்தப் பகுதியைப் பணிவுரையாக நினைத்து, 'எங்கள் ஆய்வு சிறியது, குறைகள் இருக்கலாம்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அங்கே வேண்டியது கணக்கு. பகலில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் அளந்தோம் என்று வையுங்கள். வேலைக்குப் போனவர்கள் அகப்படவில்லை. வீட்டில் இருந்தவர்களில் முதியோர் மிகுதி. ஆகவே நமக்குக் கிடைத்த விகிதம் ஊரின் உண்மையான விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது, ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கம்பர் தம்மைத் தாழ்த்திக்கொண்டதற்கும் இதற்கும் உறவில்லை. 'வரம்புகள்' என்பதே போதும்.

மெய்ப்புத் திருத்துநர்:

ஒற்று விஷயத்தில் ஐயா சொல்வது நூற்பாப்படி சரியாக இருக்கலாம். வழக்கு வேறு. 'மக்கள் தொடர்புத் துறை' என்று பலகை எழுதியாகிவிட்டது, நாளிதழ்களும் அப்படித்தான் அச்சிடுகின்றன. ஒற்றில்லாமல் 'தொடர்பு கட்டுரையாளர்' என்று நின்றால் இரண்டு தனிச் சொல்லாகக் கண்ணுக்குப் படுகிறது. நான் ஒற்றோடு திருத்துவேன்.

'பொறுப்பு' என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். நான்காவது விதியைக் கணக்கில் எடுத்தால் அது நிற்காது.

முதுநிலை மாணவி:

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, அம்மா. விதிப்படி எல்லோரும் பொறுப்புதான். ஆனால் பதிவேற்றும் இணையதளத்தில் தவறான கோப்பு ஏறினால், அறநெறி ஒப்புதல் எண் விடுபட்டால், மின்னஞ்சல் வருவது ஒருவருக்குத்தான். அந்த வேலைக்குச் சொல்லில் மதிப்பு இல்லையென்றால், அதை இளையவர் கையில் தள்ளிவிட்டுப் பெயரை மட்டும் மூத்தவர் போட்டுக்கொள்வது தொடரும். 'தொடர்பு' என்றால் தொலைபேசி எண் மாதிரி இருக்கிறது. 'மறுமொழிக் கட்டுரையாளர்' என்றால் என்ன? பதில் சொல்வது அவருடைய வேலை என்பது சொல்லிலேயே தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. 'மறுமொழி' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் பதிவேற்றத்தின்போது இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லையே, எதற்கு மறுமொழி என்று அச்சகத்து நண்பர் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

நாளை கோப்பைக் கொடுக்க வேண்டும். 'தொடர்புக் கட்டுரையாளர்' என்று ஒற்றோடு போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் இந்த விளக்கம் இருக்கும்: "இதழோடு நடக்கும் எல்லாப் போக்குவரத்தையும் கட்டுரையாளர் அனைவர் சார்பிலும் நடத்துபவர்; வெளியான பின்னும் கேள்விகளுக்குப் பதில் தருபவர். கட்டுரையின் நேர்மைக்கு அனைவரும் பொறுப்பு." மாறாத மின்னஞ்சல் பற்றிய மாணவியின் குறிப்பு அதே பக்கத்தில் கட்டம் கட்டி வருகிறது. முகப்புக் கடிதம், வரம்புகள் இரண்டிலும் மாற்றமில்லை.

தமிழாசிரியர் (பணி ஓய்வு):

சொல்லை ஏற்கிறேன். ஒற்றை ஏற்கவில்லை; என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துவிடுங்கள். பாப்பா, 'மறுமொழி'யை விட்டுவிடாதே. கேள்வி வருமுன் சொல்வதும் மறுமொழியாகலாம் என்பதற்கு இலக்கியச் சான்று தேடுகிறேன். கிடைத்தால் தனி மடல் போடுகிறேன்.

முதுநிலை மாணவி:

தேடுங்கள் ஐயா. என் கட்டுரையின் தமிழ்ச் சுருக்கத்தில் 'மறுமொழிக் கட்டுரையாளர்' என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன். இதழாசிரியர் மாற்றச் சொன்னால் இங்கே சொல்கிறேன்.