புதுப்பிப்பு: மண்டபம் ஊரில் (ராமேஸ்வரம் பக்கம்) ஓடும் கார், பிரேக் அதிர்வு தீர்ந்தது

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது, முன் இடது சக்கரம் சூடாகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பேடை மட்டும் மாற்றாதீங்க, காலிப்பர் ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பாருங்க" என்று கீழக்கரை அண்ணன் சொன்னதுதான் சரி. (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேட் அதை இருபக்கமும் அழுத்தி நிறுத்தும் கட்டை, காலிப்பர் பேடை அழுத்தும் பிடி, ஸ்லைடு பின் அந்தப் பிடி நகர உதவும் கம்பி.) உப்புக்காற்றில் அந்த ஸ்லைடு பின் துருவேறி இறுகி, காலிப்பர் நகராமல் இருந்தது. உள்பக்க பேட் இரும்பு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேடில் பாதி மிச்சம். டிஸ்க்கும் அதில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்ததால், முன் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றினோம். ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் அதன் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும்.

எதிர்பாராத ஒன்று: புது டிஸ்க் போட்டும் லேசான அதிர்வு இருந்தது. டிஸ்க் உட்காரும் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி மறுபடி மாட்டினோம், அப்புறம்தான் நின்றது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இந்த ஹப் துரு விஷயத்தை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.