யூலியுஸ் ஹிர்ஷ்: இரும்புச் சிலுவையை ஏன் முதலில் சொல்கிறோம்?

மைதானவாசி:
1912 மார்ச்சில் ஜெர்மனி–நெதர்லாந்து கால்பந்து ஆட்டம் 5-5 என்று முடிந்தது. அதில் நாலு கோல் யூலியுஸ் ஹிர்ஷ் போட்டது, ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்ட முதல் ஜெர்மானியர் அவர்தான். அப்புறம் முதல் உலகப்போரில் நாலு வருஷம் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டு இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கம் வாங்கினார், சகோதரர் லியோபோல்டை அதே போரில் பறிகொடுத்தார். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1943இல் அவரை அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு நாஜிகள் அனுப்பினார்கள். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவருக்கே இந்தக் கதி!

தமிழரசி_வாசிப்பு:
அந்த "பணயம் வைத்தவருக்கே" எனக்கு ஒப்பவில்லை நண்பரே. அங்கே செத்த கைக்குழந்தைகள் எந்தப் போரில் சண்டை போட்டார்கள்? பதக்கத்தை முன்னால் வைத்துப் பேசினால், பதக்கம் இல்லாதவருக்கு நடந்த அநியாயம் கொஞ்சம் குறைந்தது என்றாகிவிடும். 1933 ஏப்ரலில் யூத அரசு ஊழியர்களை வெளியேற்றச் சட்டம் போட்ட நாஜிகளும் போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள், 1935இல் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் பிடித்த அதே அளவுகோலை நாம் ஏன் பிடிக்க வேண்டும்?

மைதானவாசி:
அதை முன்னால் வைத்தது நானில்லை, ஹிர்ஷே! 1933 ஏப்ரலில் தென்ஜெர்மன் கிளப்புகள் கூடி யூதர்களை நீக்குவதாக அறிக்கை விட்டன, அவர் சின்ன வயதிலிருந்து ஆடி 1910இல் சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்த கார்ல்ஸ்ரூ கிளப்பும் அதில் சேர்த்தி. பத்திரிகையில் படித்ததும் தானே விலகல் கடிதம் எழுதினார். தேசப்பற்றைச் செயலாலும் இதயத்து ரத்தத்தாலும் நிரூபித்த யூதர்களும் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். இதை மறைத்தால் அவர் குரலையே மறைப்பதாகும்.

தமிழரசி_வாசிப்பு:
மறைக்கச் சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறவன் முன்னால் ஒரு மனிதர் எதையும் எடுத்துக்காட்டுவார், அது அவர் உரிமை. தொண்ணூறு வருஷம் கழித்துப் பேசுகிற நாம் அதையே நியாயத்தின் அடிப்படையாக்கக் கூடாது என்கிறேன்.

மைதானவாசி:
ஆனால் அந்த நாலு வருஷத்தைத் தள்ளிவிட்டால் அவர் ஏன் ஜெர்மனியிலேயே இருந்தார் என்பது புரியாது. கொண்டுபோகும் வழியில் டோர்ட்முண்டிலிருந்து வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்பினார். நல்லபடியாக இருக்கிறேன், மேல் சிலேசியாவுக்கு (அவுஷ்விட்ஸ் இருந்த பகுதி) போகிறேன், அதுவும் ஜெர்மனிக்குள்தான் என்று எழுதியிருந்தார். அந்த நிலையிலும் ஜெர்மனிக்குள் என்பது அவருக்கு ஆறுதல்.

கோல்கம்பம்:
நடுவில் வருகிறேன். அவரோடு ஒரே அணியில் ஆடிய காட்ஃப்ரீட் ஃபுக்ஸ், 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராகப் பத்து கோல் போட்டவர், அவரும் போரில் பதக்கம் வாங்கியவர்தான், 1937இல் கிளம்பி கடைசியில் கனடா போய்ப் பிழைத்தார். ஆகவே போருக்குப் போனதால்தான் ஹிர்ஷ் தங்கினார் என்பது நிற்காது. அவருக்கு மனைவி யூதரல்லாதவர், இரண்டு பிள்ளைகள், தொழில் திவால், மனநோய் வேறு. பிள்ளைகளைக் காப்பாற்ற 1942இல் விவாகரத்தும் செய்துகொண்டார்.

தமிழரசி_வாசிப்பு:
இதைத்தான் முதல் பதிவிலேயே எதிர்பார்த்தேன். அந்த விவாகரத்தும் பிள்ளைகளை முழுசாகக் காக்கவில்லை, 1945 பிப்ரவரியில் இருவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பினார்கள். மைதானவாசி, பதிவைத் திருத்துவதாக இருந்தால் பதக்கத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

மைதானவாசி:
வீட்டைச் சேர்க்கிறேன். பதக்கத்தை எடுக்க மாட்டேன்.