அடைப்பு மடத்திலிருந்து வகுப்பறை வரை

கேள்வி: மடத்துச் சுவர்களுக்குள் இருந்தே செபவாழ்வு வாழ வேண்டும் என்ற விதி கத்தோலிக்கப் பெண் துறவியருக்கு நெடுங்காலம் இருந்ததாம். அப்படியிருக்க, அருட்சகோதரிகள் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் நிலைக்கு எவ்வாறு வந்தார்கள்?

மறுமொழி 1: எளிதில் வரவில்லை. ஆஞ்செலா மெரிச்சி 1535இல் இத்தாலியின் பிரேஷியாவில் தொடங்கிய உர்சுலைன் குழுவினர் முதலில் தத்தம் வீடுகளிலேயே வாழ்ந்தனர்; திருச்சபையின் 16ஆம் நூற்றாண்டு மாமன்றமான திரெந்து பொதுச்சங்கத்திற்குப் பின் அடைப்பு விதி (மடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற விதி) இறுகவே, பிரான்சில் அவர்கள் மடத்துக்குள் சென்றாலும், மாணவியரை அங்கேயே வரவழைத்துக் கற்பித்தனர். அடைப்பை ஏற்காத ஆங்கிலேயப் பெண்மணி மேரி வார்டின் சபையையோ 1631இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் கலைத்தே விட்டார்.

மறுமொழி 2: இதில் சாமர்த்தியமாகச் செயல்பட்டவர்கள், என் பார்வையில், வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும்தான். 1633இல் அவர்கள் பாரிஸில் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் அமைப்பினர், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வார்த்தைப்பாடுகளையே (இறைவனுக்கு அளிக்கும் வாக்குறுதிகள்) எடுப்பதால், சட்டப்படி துறவியராகக் கருதப்படவில்லை; ஆகவே, சூப்புப் பானையைச் சுமந்துகொண்டு ஏழை நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்ல அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. நோயாளிகளின் இல்லமே மடம், நகரத் தெருக்களே அடைப்பு என்பது வின்சென்ட் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை.

கேள்வி கேட்டவர்: நன்றி. வெளியே சென்று பணிபுரிபவர்கள் துறவியராகக் கருதப்படாத அந்த நிலை பின்னர் மாறியதா?

மறுமொழி 2: பொதுவாக மாறியது. எளிய வார்த்தைப்பாடு (அடைப்பு மடத்தாருடையதைவிடக் கட்டுப்பாடு குறைந்தது) எடுத்துப் பணிபுரியும் சபைகளுக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1900இல் முறையான ஏற்பு வழங்கினார். பிறரன்புப் புதல்வியர் மட்டும் இன்றும் திருச்சபைச் சட்டத்தில் துறவற சபையாக வகைப்படுத்தப்படுவதில்லை.